சிறப்புக் கல்வியாளர்களுக்கான ஆர்சிஐ பதிவைப் புதுப்பிப்பது எப்படி? மழலைப் பருவ ஆசிரியர்களும் பெற்றோரும் அறிய வேண்டிய விவரங்கள்

மயூர் விஹார் (புது டெல்லி): ஆறு வயதுக்கு உட்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் சிறப்புக் கல்வியாளர்கள், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் செய்துகொண்ட பதிவை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது கட்டாயமாகும். இதற்காக அந்த 5 ஆண்டுகளில் 100 தொடர் கல்விப் புள்ளிகளைப் பெற்றிருக்க வேண்டும். நாட்டில் மழலைப் பருவக் குழந்தைகளுக்குக் கற்பிப்போரில் பெரும்பாலானவர்களுக்கு இத்தகைய புதுப்பித்தல் நடைமுறை இல்லாத நிலையில், சிறப்புக் கல்வியாளர்களுக்கு மட்டும் அது சட்டப்பூர்வ நிபந்தனையாக உள்ளது.

தமிழ்நாட்டில் பட்டயப் படிப்பு முடித்து, திருமணம் அல்லது பணி காரணமாக மயூர் விஹார் உள்ளிட்ட கிழக்கு டெல்லிப் பகுதிகளில் குடியேறும் ஆசிரியர்களுக்கு, பதிவு எந்த மாநிலத்தில் செல்லும், யாரிடம் புதுப்பிப்பது, புள்ளிகளை எங்கே பெறுவது என்ற ஐயங்கள் எழுவது இயல்பு. அவற்றுக்கான விளக்கங்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

முக்கிய அம்சங்கள்

• பதிவை வழங்குவது: ஆர்சிஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்
• பதிவின் பெயர்: மத்திய மறுவாழ்வுப் பதிவேடு
• செல்லுபடியாகும் காலம்: 5 ஆண்டுகள்
• புதுப்பிக்கத் தேவையானவை: 100 தொடர் மறுவாழ்வுக் கல்விப் புள்ளிகள், இணையவழி விண்ணப்பம், கட்டணம்
• செல்லுபடியாகும் எல்லை: இந்தியா முழுவதும்
• பதிவின்றிப் பணியாற்றினால்: ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும்

எந்தச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு?

மழலையர் வகுப்பு ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகிய மூவரும் ஒரே வயதுக் குழந்தைகளுடன் பணியாற்றினாலும், அவர்களின் தகுதிச் சான்றுகளுக்கான விதிகள் வெவ்வேறானவை.

தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முன்பருவக் கல்விக்கான பட்டயப் படிப்பு 2 ஆண்டுகள் கொண்டது. இப்பட்டயத்தைப் பெற்றவர் அதை மீண்டும் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழுக்கு முன்னர் 7 ஆண்டுகள் என்ற வரம்பு இருந்தது. 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய கல்வி அமைச்சகம் அதை வாழ்நாள் முழுவதும் செல்லும் சான்றிதழாக மாற்றி, 2011-ஆம் ஆண்டு முதல் பின்தேதியிட்டு நடைமுறைப்படுத்தியது. அத்தேர்வும் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியதே. மழலையர் வகுப்புகளுக்குப் பொருந்தாது.

அங்கன்வாடிப் பணியாளர்களைப் பொறுத்தவரை, பிளஸ் 2 முடித்தவர்களுக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பும், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும் அளிக்கப்பட வேண்டும் என்று தேசிய கல்விக் கொள்கை 2020 பரிந்துரைத்தது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023-ஆம் ஆண்டு மே மாதம் ‘போஷன் பீ, படாயி பீ’ என்ற திட்டத்தைத் தொடங்கி அவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. ‘ஊட்டச்சத்தும் வேண்டும், கல்வியும் வேண்டும்’ என்பது இப்பெயரின் பொருள். இப்பயிற்சியிலும் காலாவதியாகும் உரிமம் எதுவும் இல்லை.

ஆசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டும் 50 மணி நேரமாவது தொழில்முறை மேம்பாட்டுப் பயிற்சி பெற வேண்டும் என்று தேசிய கல்விக் கொள்கை கூறுகிறது. எனினும், அப்பயிற்சி பெறாதவரின் தகுதி செல்லாது என்ற நிபந்தனை அதில் இல்லை. காலவரம்பும், அது தவறினால் தொழில் செய்யும் உரிமையே கேள்விக்குள்ளாகும் நிலையும் ஒருசேர இருப்பது சிறப்புக் கல்வியாளர்களின் பதிவில்தான்.

பதிவு ஏன் கட்டாயம்?

இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் 1986-ஆம் ஆண்டு பதிவு பெற்ற சங்கமாகத் தொடங்கப்பட்டது. 1992-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின் கீழ், 1993-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி அது சட்டப்பூர்வ அமைப்பானது. 2000-ஆம் ஆண்டு இச்சட்டம் திருத்தப்பட்டது. மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுத் துறையின் கீழ் கவுன்சில் இயங்குகிறது. அதன் தலைமையகம் தெற்கு டெல்லியில் குதுப் நிறுவனப் பகுதியில் உள்ளது.

கவுன்சிலின் வரம்புக்குள் 16 வகைத் தொழில்முறையாளர்கள் வருகின்றனர். செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர்கள், மருத்துவ உளவியலாளர்கள், செயற்கை உறுப்பு வல்லுநர்கள், நடமாட்டப் பயிற்சியாளர்கள் ஆகியோருடன் சிறப்பு ஆசிரியர்களும் இப்பட்டியலில் இடம்பெற்றுள்ளனர்.

சட்டத்தின் 13-ஆவது பிரிவு இவ்விஷயத்தில் தெளிவாக உள்ளது. அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்று, பதிவேட்டில் பெயர் சேர்க்கப்பட்டவர் மட்டுமே அரசு நிறுவனங்களிலும் உள்ளாட்சி அமைப்புகளின் நிறுவனங்களிலும் மறுவாழ்வுத் தொழில்முறையாளராகப் பதவி வகிக்க முடியும். நாட்டின் எந்தப் பகுதியிலும் அத்தொழிலை மேற்கொள்ளும் உரிமையும் அவருக்கே உண்டு. இதை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ரூ.1,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அபராதத் தொகை சிறிதாகத் தோன்றினாலும் நடைமுறை விளைவு பெரியது. அரசுப் பள்ளிகளில் சிறப்புக் கல்வியாளர் பணியிடங்களுக்கான அறிவிக்கைகளில், செல்லுபடியாகும் ஆர்சிஐ பதிவு பொதுவாகக் கோரப்படுகிறது. நேர்காணல் நாளிலோ, சான்றிதழ் சரிபார்ப்பு நாளிலோ பதிவு காலாவதியாகியிருந்தால், படிப்பும் அனுபவமும் இருந்தும் வாய்ப்பு கைநழுவக்கூடும்.

யாருக்குப் பொருந்தும்?

மழலைப் பருவக் குழந்தைகளுடன் பணியாற்றும் கீழ்க்கண்டோருக்கு இந்த நடைமுறை பொருந்தும்.

• செவித்திறன் குறைபாடு அல்லது அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான ஆரம்பக் குழந்தைப் பருவச் சிறப்புக் கல்விப் பட்டயம் பெற்றவர்கள்
• ஆரம்பநிலை இடையீட்டுக்கான முதுநிலைப் பட்டயம் பெற்றவர்கள்
• சிறப்புக் கல்வியில் 2 ஆண்டுப் பட்டயம் பெற்றவர்கள்
• சிறப்புக் கல்வியில் இளநிலை, முதுநிலைக் கல்வியியல் பட்டம் பெற்றவர்கள்

இப்படிப்பைக் கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. ‘ஆட்டிசம் பயிற்சி’, ‘நிழல் ஆசிரியர் பயிற்சி’ போன்ற பெயர்களில் தனியார் மையங்கள் நடத்தும் குறுகிய கால வகுப்புகள், கவுன்சிலின் அங்கீகாரம் பெறாதவையாக இருந்தால், அவற்றின் சான்றிதழைக் கொண்டு பதிவேட்டில் இடம்பெற இயலாது. சேர்வதற்கு முன்பே நிறுவனத்தின் பெயரும் படிப்பின் பெயரும் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

100 புள்ளிகளின் கணக்கு

தொடர் மறுவாழ்வுக் கல்வி என்பது, ஏற்கெனவே பதிவு பெற்றவர்கள் தங்கள் துறையில் வரும் புதிய முறைகளைத் தெரிந்துகொள்வதற்காக நடத்தப்படும் பயிலரங்குகள், கருத்தரங்குகள், குறுகிய காலப் பயிற்சிகள் ஆகியவற்றைக் குறிக்கும். கவுன்சிலின் முன் அனுமதியுடன் தேசிய நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள், தொழில்முறைச் சங்கங்கள் ஆகியவை இவற்றை நடத்துகின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உரிய புள்ளிகள் பங்கேற்புச் சான்றிதழில் குறிக்கப்படும்.

5 ஆண்டுகளுக்கு 100 புள்ளிகள் என்றால் ஆண்டுக்குச் சராசரியாக 20 புள்ளிகள். ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்ப்பவருக்கு இது சுமையாக இராது. கடைசி ஆண்டு வரை தள்ளிப்போடுபவர், அடுத்தடுத்து வரும் பயிலரங்குகளுக்காகப் பல நாட்கள் விடுப்பு எடுக்க நேரிடும். தேடும் நேரத்தில் தமக்குரிய துறையில் நிகழ்ச்சி நடைபெறாமலும் போகலாம்.

எடுத்துக்காட்டாக, 2023-ஆம் ஆண்டு ஜூலையில் பதிவு பெற்ற ஒருவரின் சான்றிதழ் 2028-ஆம் ஆண்டு ஜூலை வரை செல்லும். முதல் 3 ஆண்டுகளில் 30 புள்ளிகள் மட்டுமே பெற்றிருந்தால், எஞ்சிய 2 ஆண்டுகளில் 70 புள்ளிகளை, அதாவது ஆண்டுக்கு 35 புள்ளிகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். இடையில் மகப்பேறு விடுப்போ, குடிபெயர்தலோ அமைந்தால் கணக்கு மேலும் நெருக்கடியாகும்.

தனியார் மையங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றுவோருக்கு இன்னொரு சுமையும் உண்டு. பயிலரங்கில் பங்கேற்கும் கட்டணம், பயணச் செலவு, விடுப்பால் இழக்கும் ஊதியம் ஆகியவற்றை அவர்களே ஏற்க நேரிடலாம். பணியில் சேரும்போதே, ஆண்டுக்கு எத்தனை நாட்கள் ஊதியத்துடன் கூடிய பயிற்சி விடுப்பு கிடைக்கும் என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது பின்னாளில் உதவும்.

விண்ணப்பிக்கும் முறை

1. பதிவுச் சான்றிதழில் உள்ள செல்லுபடியாகும் தேதியைச் சரிபார்க்கவும். காலாவதிக்கு 6 மாதங்களுக்கு முன்பே ஆயத்தப் பணிகளைத் தொடங்குவது பாதுகாப்பானது.

2. பங்கேற்புச் சான்றிதழ்கள் அனைத்தையும் தேதி வாரியாக அடுக்கி, புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கவும். அவை தற்போதைய 5 ஆண்டுக் காலத்துக்குள் பெற்றவையாக இருக்க வேண்டும்.

3. ஒவ்வொரு சான்றிதழிலும் பெயர், பதிவு எண், நிகழ்ச்சிக்குக் கவுன்சில் அளித்த அனுமதி விவரம், புள்ளிகள் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்க்கவும். பிழை இருந்தால் நிகழ்ச்சியை நடத்திய நிறுவனத்திடம் உடனே திருத்தம் பெறவும்.

4. கவுன்சிலின் பதிவு இணையதளத்தில் உள்நுழைந்து, புதுப்பித்தலுக்கான விண்ணப்பத்தைத் தேர்வு செய்யவும். முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை நடப்பு விவரங்களுடன் நிரப்பவும்.

5. பழைய பதிவுச் சான்றிதழ், தொடர் கல்விச் சான்றிதழ்கள், அடையாள ஆவணம், புகைப்படம், கையொப்பம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து பதிவேற்றவும்.

6. கட்டணத்தை இணையவழியில் செலுத்தி, ரசீதையும் விண்ணப்ப எண்ணையும் சேமித்து வைக்கவும். கட்டணங்கள் அவ்வப்போது மாற்றியமைக்கப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் உள்ள தொகையையே கணக்கில் கொள்ள வேண்டும்.

7. விண்ணப்பத்தின் நிலையை அவ்வப்போது பார்த்து, குறைபாடு சுட்டிக்காட்டப்பட்டால் விரைந்து பதிலளிக்கவும்.

இடைத்தரகர் எவரும் இதற்குத் தேவையில்லை. ‘புள்ளிகள் உறுதி’ என்று கூறி, பங்கேற்காமலேயே சான்றிதழ் தர முன்வருவோரிடம் எச்சரிக்கையாக இருப்பது அவசியம். பொய்யான சான்றிதழைச் சமர்ப்பிப்பது பதிவையே இழக்கச் செய்யும் அளவுக்குச் சிக்கலை உண்டாக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்கு: அடிக்கடி எழும் ஐயங்கள்

தமிழ்நாட்டில் பெற்ற பதிவு டெல்லியில் செல்லுமா?

செல்லும். பதிவேடு மத்திய அரசின் சட்டத்தின்படி பராமரிக்கப்படுவதால், மாநிலம் மாறும்போது புதிதாகப் பதிவு செய்யவோ, தடையில்லாச் சான்று பெறவோ தேவையில்லை. முகவரி மாற்றத்தை மட்டும் தெரிவித்தால் போதும்.

திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால்?

பட்டயச் சான்றிதழில் ஒரு பெயரும் ஆதாரில் வேறொரு பெயரும் இருந்தால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படலாம். தமிழர்களிடையே தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் எழுதும் வழக்கம் இருப்பதால், ஓர் ஆவணத்தில் முதலெழுத்தும் மற்றோர் ஆவணத்தில் விரிவான பெயரும் இடம்பெறுவது உண்டு. புதுப்பிக்கும் தேதி நெருங்குவதற்கு முன்பே எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே மாதிரி அமைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் பங்கேற்ற பயிலரங்கின் புள்ளிகள் கணக்கில் வருமா?

கவுன்சில் அனுமதித்த நிகழ்ச்சியாக இருந்தால், அது எந்த மாநிலத்தில் நடந்தாலும் வரும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய மேம்பாட்டு நிறுவனம் போன்ற இடங்களில், விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது பங்கேற்பதும் ஒரு வழி.

சில ஆண்டுகள் பணியில் இல்லாதவரும் புதுப்பிக்க வேண்டுமா?

பணியில் இல்லாத காலத்திலும் பதிவின் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். மீண்டும் பணிக்குத் திரும்ப எண்ணுபவர் பயிலரங்குகளில் தொடர்ந்து பங்கேற்று, பதிவை நடப்பில் வைத்திருப்பதே எளிது.

மயூர் விஹாருக்கு அருகில் உள்ள நிறுவனங்கள்

மயூர் விஹார் பேஸ்-1 மெட்ரோ நிலையத்தில் நீல வழித்தடமும் இளஞ்சிவப்பு வழித்தடமும் சந்திப்பதால், இத்துறை சார்ந்த நிறுவனங்கள் பலவற்றை எளிதில் சென்றடையலாம்.

இளஞ்சிவப்பு வழித்தடத்தில் உள்ள கர்கர்டூமா பகுதியில், சமூகச் செயற்பாட்டாளர் உமா துலி 1981-ஆம் ஆண்டு தொடங்கிய அமர் ஜோதி அறக்கட்டளை உள்ளது. மாற்றுத்திறன் குழந்தைகளும் பிற குழந்தைகளும் சம எண்ணிக்கையில் ஒன்றாகப் பயிலும் பள்ளியை நடத்திவரும் இந்நிறுவனம், சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சியையும் அளிக்கிறது.

மத்திய டெல்லியில் ஐ.டி.ஓ. பகுதியை ஒட்டிய விஷ்ணு திகம்பர் மார்க்கில் பண்டிட் தீனதயாள் உபாத்யாயா தேசிய உடல் குறைபாடு உடையோர் நிறுவனம் அமைந்துள்ளது. அனைத்து வகைக் குறைபாடுகளுக்கும் ஒரே இடத்தில் சேவை வழங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் 2021-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி நாடு முழுவதும் 14 இடங்களில் தொடங்கப்பட்டபோது, டெல்லியும் சென்னையும் அவற்றில் இடம்பெற்றன. பிறந்தது முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு இம்மையங்களில் பரிசோதனை, பயிற்சி, பெற்றோருக்கான ஆலோசனை ஆகியவை வழங்கப்படுகின்றன.

இந்நிறுவனங்களின் அறிவிப்புப் பலகைகளையும் இணையதளங்களையும் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு, தம் துறைக்கு ஏற்ற தொடர் கல்வி நிகழ்ச்சியை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வாய்ப்பு அமையும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 6 வயது வரையிலான மாற்றுத்திறன் குழந்தைகளின் எண்ணிக்கை 20.42 லட்சம். கேட்கும் திறன், பேச்சு, அறிவு வளர்ச்சி ஆகியவற்றில் உள்ள குறைபாடுகளை இவ்வயதுக்குள் கண்டறிந்து பயிற்சி அளித்தால் பலன் கூடுதலாக இருக்கும். தகுதியற்றவரிடம் கழியும் ஓராண்டு, பின்னர் எளிதில் ஈடுசெய்ய முடியாத இழப்பாகிவிடும்.

எனவே, குழந்தையைத் தனியார் பயிற்சி மையத்தில் சேர்க்கும் முன், பயிற்சி அளிப்பவரின் பதிவுச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பது பெற்றோரின் உரிமை. பதிவு எண், தகுதி, செல்லுபடியாகும் தேதி ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் விவரங்களைக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிச் சரிபார்க்கவும் வசதி உள்ளது. செவித்திறன் குறைபாட்டுக்கான தகுதி பெற்றவரிடம் ஆட்டிசம் உள்ள குழந்தையை ஒப்படைக்கும்போது, அந்தத் துறையிலும் அவர் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்று கேட்பது தவறாகாது.

வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் மேலும் ஒன்றைக் கவனிக்கலாம். பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு வீட்டு மொழியிலேயே பயிற்சியைத் தொடர்வது, பெற்றோரும் தாத்தா பாட்டியும் அன்றாடம் பங்கேற்க உதவும். டெல்லியில் தமிழ் தெரிந்த, பதிவு பெற்ற சிறப்புக் கல்வியாளர் ஒருவர் தமது பதிவை இழக்காமல் இருப்பது இக்குடும்பங்களுக்கும் பயன் தரும் விஷயமாகும்.

நீதிமன்றங்கள் கூறியது என்ன?

சிறப்புக் கல்வியாளர்களின் தேவையை நீதிமன்றங்கள் பலமுறை வலியுறுத்தியுள்ளன. டெல்லியில் ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது 2 சிறப்புக் கல்வியாளர்கள் இருக்க வேண்டும் என்று, ‘சோஷியல் ஜூரிஸ்ட்’ அமைப்பு தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டு செப்டம்பரில் உத்தரவிட்டது.

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்று கூறியது. இதே வழக்கில் 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை அறிவித்து, தகுதி பெற்றவர்களை முறையாக நியமிக்குமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்நியமனங்கள் நடைபெறும்போது, ஆண்டுக்கணக்கில் ஒப்பந்த ஊதியத்தில் காத்திருப்பவர்களுக்கு நிரந்தரப் பணி வாய்ப்பு உருவாகும். அப்போது கையில் செல்லுபடியாகும் பதிவு இருக்க வேண்டும் என்பதே, புதுப்பித்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கான முக்கியக் காரணம்.

வெளிநாடுகளில் நிலை

பிற நாடுகளில் மழலைப் பருவ ஆசிரியர்கள் அனைவருக்குமே புதுப்பித்தல் நடைமுறை இருப்பது உண்டு. தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 2007-ஆம் ஆண்டு சட்டத்தின்படி, குழந்தைப் பருவக் கல்வியாளர்கள் தொழில்முறை ஒழுங்காற்று அமைப்பில் பதிவு செய்து, ஆண்டுதோறும் உறுப்பினர் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். 2 ஆண்டுச் சுழற்சியில் தொடர் கற்றலுக்கான பதிவேட்டையும் அவர்கள் பராமரிக்கின்றனர்.

அமெரிக்காவில் குழந்தை வளர்ச்சி உதவியாளர் என்ற தேசியச் சான்று 3 ஆண்டுகள் செல்லுபடியாகும். அதைப் புதுப்பிக்க 45 மணி நேரப் பயிற்சி, அண்மைக்காலப் பணி அனுபவம், முதலுதவிச் சான்று ஆகியவை கேட்கப்படுகின்றன. நியூசிலாந்தில் ஆசிரியர்களுக்கான பணிச் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது.

இந்தியாவில் இதற்கு ஒப்பான நடைமுறை மாற்றுத்திறன் குழந்தைகளின் ஆசிரியர்களிடம் மட்டுமே நிலவுகிறது. ஆனால், குறைபாட்டை முதலில் கவனிக்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் அங்கன்வாடிப் பணியாளர்களும் மழலையர் பள்ளி ஆசிரியர்களுமே. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி வழிகாட்டு நெறிமுறை 2023-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி வெளியிடப்பட்டதும் இதைக் கருத்தில் கொண்டே. அவர்கள் அடையாளம் கண்டு அனுப்பும் குழந்தைக்கு, செல்லுபடியாகும் பதிவுடன் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் அருகில் கிடைத்தால்தான் அந்த நெறிமுறையின் நோக்கம் நிறைவேறும்.